கால் பிளேட் நெகட்டிவும் கைத்தொலைபேசியும்

மட்டக்களப்பில் களுதாவளை போன்ற எழுவான்கரை ஊர்களில் பழைய நெகட்டிவ் ஒன்று முழுசாக எஞ்சியிருந்தாலே பெரிய காரியம். 1978 நவம்பர் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. 2004 டிசம்பர் கடல்கோள் அலுமாரிகளையே கொண்டுபோனது. இரண்டுக்கும் இடையில் யுத்தமும் இடம்பெயர்வும். இத்தனைக்கும் தப்பியதை, வெற்றிலைக் கொடிக்கு வாய்த்த அதே ஈரக்காற்று மெல்ல மெல்லத் தின்கிறது. அசிற்றேற் நெகட்டிவை 21 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் வைத்தால் அது சிதையத் தொடங்கியதைக் காட்டும் வினாகிரி வாடை கிளம்ப ஏறத்தாழ 40 வருடமாகும் என்பது அமெரிக்காவின் இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட் தரும் கணக்கு. மட்டக்களப்பின் சூடும் ஈரமும் அதைவிட அதிகம், ஆகவே தவணையும் குறைவு. இருந்தும் படியெடுப்பதைத் தள்ளிப்போடுவோர் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: அளவு ஒத்துவராது, ஸ்கேனருக்குள் போகாது. என் கட்சி இதற்கு நேர்மாறு. அளவு பெரிதாக இருப்பதாலேயே அந்த நெகட்டிவை வீட்டில் குறைந்த செலவில் படியெடுக்கலாம்.

ஒத்துவராது என்பதில் பொய் இல்லை. மலிவான நெகட்டிவ் ஸ்கேனர்கள் 35 மில்லிமீற்றர் சுருளை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. அதற்கு மேலே போய் எப்சன் வி600 போன்ற ஒன்றை வாங்கினாலும், அதன் ஒளிப்பட்டை 120 சுருளின் அகலத்தோடு நின்றுவிடும். 70 மில்லிமீற்றர் அகலமுள்ள 116 சுருளோ, ஸ்ரூடியோக்காரர் வைத்திருந்த கால் பிளேட் (quarter plate) நெகட்டிவோ ஒரே தடவையில் அடங்காது. ஆவணம் எடுக்கும் அலுவலக ஸ்கேனர் உதவவே உதவாது. அது கீழிருந்து ஒளி அடித்துத் திரும்பி வருவதைப் படிக்கிறது, நெகட்டிவுக்கோ ஒளி ஊடுருவிப் போக வேண்டும். இனிக் கைத்தொலைபேசியைப் பாருங்கள். சாதாரணமான ஒன்றின் பிரதான கமரா சுமார் 10 சென்றிமீற்றருக்குக் கிட்ட வந்தால் ஃபோகஸ் ஆகாது. அந்தத் தூரத்தில் அதன் பார்வைக்குள் விழுவது ஏறத்தாழ 13 சென்றிமீற்றர் அகலம். 12 மெகாபிக்சல் படத்தின் நீளப்பக்கம் 4,000 புள்ளிகள் என்றால், 108 மில்லிமீற்றர் நீளமான கால் பிளேட்டுக்கு 3,200 புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும். பத்து அங்குலத்துக்குக் குறையாமல் தெளிவாக அச்சிடலாம். அதே இடத்தில் 35 மில்லிமீற்றர் நெகட்டிவை வைத்தால் வெறும் 1,100. சின்ன நெகட்டிவுக்குத்தான் மக்ரோ லென்ஸ் என்ற செலவு வருகிறது. இன்னொரு தற்செயலான வசதி: கால் பிளேட்டின் நீள அகல விகிதமும் கைத்தொலைபேசிப் படத்தின் விகிதமும் கிட்டத்தட்ட ஒன்றே, ஆகவே புள்ளிகள் வீணாவதில்லை.

ஒளிக்கு டப்லெட் திரை போதும். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வெளிச்சத்தை முழுதாகக் கூட்டுங்கள். நெகட்டிவை நேரே திரைமேல் வைத்தால் திரையின் புள்ளிகளும் படத்தில் விழும். இரண்டு அங்குலம் உயர்த்தி, இடையில் பால்நிற அக்ரிலிக் தகடு ஒன்றைச் செருகினால் அவை கரைந்துவிடும். சூடாகும் பல்ப் வேண்டாம்: 1950க்கு முந்திய சுருள்களில் சில நைத்திரேற்றாக இருக்கலாம், அது சட்டெனப் பற்றும். நெகட்டிவைச் சுற்றிக் கறுப்பு மட்டை வெட்டி வையுங்கள். ஓரத்தால் கசியும் ஒளி படத்தை வெளிறச் செய்யும். கமரா சரிமட்டமாக இருக்கிறதா என்று பார்க்க நெகட்டிவ் இருக்கும் இடத்தில் சிறு கண்ணாடி ஒன்றை வைத்து, லென்ஸின் பிம்பம் கைத்தொலைபேசித் திரையின் நட்டநடுவில் விழும்வரை சரிப்படுத்தினால் போதும். சுருண்ட நெகட்டிவை வழுவழுப்பான கண்ணாடியால் அழுத்தினால் வானவில் வளையங்கள் தோன்றும். படச்சட்டம் போடும் கடையில் கிடைக்கும் சொரசொரப்பான கண்ணாடியை நெகட்டிவின் பளபளப்பான பக்கத்தில் வைத்தால் அவை வராது.

கைத்தொலைபேசி தானாகக் கூர்மை ஏற்றி, முகத்தை மழுப்பி, இல்லாததைச் சேர்க்கும் என்பார்கள். உண்மைதான்; அதனால்தான் எச்.டி.ஆரை நிறுத்தி ரோ கோப்பாக எடுக்க வேண்டும். பிறகு ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளில் நிறத்தைத் தலைகீழாக்கி, கறுப்பையும் வெள்ளையையும் சரிசெய்தால் முடிந்தது. கலர் நெகட்டிவின் செம்மஞ்சள் பூச்சை நீக்க மட்டும் கூடுதல் பொறுமை வேண்டும். அல்பத்தில் படம் இருக்கையில் நெகட்டிவ் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. அச்சுத் தாள் தாங்கக்கூடிய ஒளிவேறுபாடு குறைவு: வெள்ளை வேட்டியின் மடிப்பும் நிழலில் நிற்பவரின் முகமும் அச்சில் தொலைந்திருக்கலாம், நெகட்டிவில் இருக்கும்.

துடைப்பதில்தான் கைவைக்கப் பயப்பட வேண்டும். ஸ்ரூடியோ நெகட்டிவின் மங்கலான பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், கன்னத்திலும் கண்ணுக்குக் கீழும் நுண்ணிய பென்சில் கீறல்கள் தெரியும். அழுக்கல்ல அது, தழும்பையும் சுருக்கத்தையும் மறைக்க ரீட்டச் செய்தவரின் கைவேலை. துணியால் தேய்த்தால் போய்விடும். பூஞ்சணம் பிடித்ததைத் தண்ணீரில் கழுவுவது அதைவிட மோசம், பூஞ்சணம் தின்ற ஜெலற்றின் நீரில் கரைந்து படத்தோடு வழியும். காற்றூதும் ரப்பர் குமிழால் தூசியை ஊதிவிட்டு இருக்கிறபடியே எடுங்கள்.

பெரிய நெகட்டிவே வசதி என்ற என் வாதம் தோற்கிற இடமும் உண்டு. 1972இல் வந்த 110 கார்ட்ரிஜ் கமராவின் நெகட்டிவ் 13க்கு 17 மில்லிமீற்றர்தான். மேலே சொன்ன ஏற்பாட்டில் அதற்குக் கிடைப்பது 500 புள்ளி. அதற்குக் கமராவோடு மக்ரோ லென்ஸை இரவல் வாங்குங்கள், அல்லது காசு கொடுத்து வெளியே எடுப்பியுங்கள்.