வீட்டை நாமே விற்பதா, தரகரிடம் விடுவதா?

கடைக்கு ஒரு மூட்டை சர்க்கரை வாங்குவதற்கு நாலு இடத்தில் விலை விசாரிக்கிற நாம், வாழ்நாளில் ஓரிரு முறை மட்டுமே நடக்கும் வீட்டு விற்பனையில், முதலில் வந்தவர் சொன்ன விலைக்குத் தலையாட்டி விடுகிறோம். மகள் திருமணம், கடை விரிவாக்கம், பாகப்பிரிவினை, வங்கிக் கடன் என்று காரணம் எதுவானாலும், விற்பதென்று தீர்மானித்தவுடன் எழுகிற முதல் கேள்வி தரகர் வேண்டுமா, வேண்டாமா என்பதே. நெல்லிக்குப்பம் போன்ற ஊரில் இதற்கு ஒரே விடை கிடையாது. உறுப்பினர்கள் இரு வழிகளையும் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காகச் சில விவரங்களை இங்கே தருகிறோம்.

தரகுக் கணக்கு

தரகுத் தொகை பேசி முடிவு செய்வதுதான். தமிழ்நாட்டில் பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதம் வரை பேசப்படுகிறது. வாங்குபவரிடமும் தனியே பெறுவதுண்டு. அமெரிக்காவில் 5 முதல் 6 சதவீதம் வரை விற்பவர் தலையிலேயே விழுந்து வந்தது. அது வழக்காகி, 2024இல் சமரசமான பிறகே அங்கு முறை மாறத் தொடங்கியது.

ரூ.30 இலட்சம் பெறும் வீட்டுக்கு 2 சதவீதத் தரகு ரூ.60,000. நாமே விற்றால் இது மிச்சம். ஆனால் விலை தெரியாமல் ரூ.1 இலட்சம் குறைத்துக் கொடுத்தால் மிச்சமும் போய் ரூ.40,000 கைநட்டம். ஆகவே தரகை மட்டும் பார்க்காமல், கடைசியில் கைக்கு வருவது எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

நாமே விற்கத் தக்க சமயம்

சிறு நகரத்தில் நல்ல விலை கொடுப்பவர் பல நேரம் பக்கத்து வீட்டுக்காரராகவோ, குடியிருப்பவராகவோ, அதே தெருவில் இடம் தேடும் உறவினராகவோ இருப்பார். அவரைத் தேடித் தர தரகர் தேவையில்லை. பத்திரங்கள் சுத்தமாக இருந்து, நாமும் உள்ளூரில் இருந்து, பணத்துக்கு அவசரமும் இல்லையென்றால் நேரடி விற்பனையே நலம். அண்மையில் அத்தெருவில் நடந்த இரண்டு, மூன்று கிரயங்களின் உண்மை விலையை விசாரித்துக் கொள்ளுங்கள். வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் அது தீர்வைக்கான மதிப்பே தவிர, சந்தை விலை அன்று.

தரகர் தேவைப்படும் சமயம்

சொத்துக்காரர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தாலும், கடலூர், பண்ருட்டி பக்கத்து ஆட்களை வரவழைக்க வேண்டியிருந்தாலும், நேருக்கு நேர் பேரம் பேசுவது உறவைக் கெடுக்குமென்றாலும் தரகர் உதவுவார்.

வணிகர்களுக்கு மட்டும் உரிய சங்கடம் ஒன்றுண்டு. கடைக்காரர் வீடு விற்கிறார் என்ற பேச்சு கடைவீதியில் பரவினால், அவர் நொடித்துவிட்டார் என்றே பொருள் கொள்ளப்படும். மொத்த வியாபாரி கடன் சரக்கை நிறுத்துவார். சீட்டுக்காரர் முன்கூட்டியே வந்து நிற்பார். வீடு விற்ற பணத்தைக் காட்டிலும் இழந்த நாணயத்தின் விலை அதிகமாகிவிடும். ஆகவே அடக்கமான ஒரே தரகரிடம் விடுங்கள். ஐந்து பேரிடம் சொன்னால் ஐந்து பேரும் ஐந்து விலை சொல்லி ஊரெங்கும் பரப்பி விடுவார்கள். தரகரே வேண்டாமென்றால், மொத்த வியாபாரியிடம் காரணத்தை நாமே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

தரகரிடம் பேச வேண்டியவை

1. பதிவு பெற்ற மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களில் விற்றுத் தரும் முகவர்கள் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பழைய தனி வீட்டை விற்றுத் தரும் உள்ளூர்த் தரகருக்கு இது பொருந்தாது. ஆகவே தரகு எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்பதை எழுதிக் கொள்ளுங்கள்.

2. தரகைக் கிரயப் பதிவு நாளில் தருவதாகப் பேசுங்கள். வேறு பேச்சு இல்லாவிட்டால், வேலை முடிந்த பிறகே கூலி என்பதுதான் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பொதுவிதி.

3. "எனக்கு 28 கொடுங்கள், மேலே வருவது உங்களுக்கு" என்று பேசாதீர்கள். முகவர் நமக்குத் தெரியாமல் தன் கணக்கில் வியாபாரம் செய்து இலாபம் பார்த்தால், அதைக் கேட்டுப் பெறும் உரிமையை மேற்படி சட்டம் நமக்குத் தருகிறது. நாமே சம்மதித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கமிஷன் மண்டியில் விற்ற விலைக்கும் கழிவுக்கும் பட்டியல் கேட்கிறோம். இங்கும் அப்படியே கேட்க வேண்டும்.

4. தரகர் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள்.

5. தரகர் அழைத்து வந்தவரிடம் பின்வாசல் வழியே பேசி முடித்துத் தரகை மறுப்பதும் நாணயமன்று. அழைத்து வந்தவர் பெயரைக் குறித்து வைத்துக் கொண்டால் இரு தரப்புக்கும் வழக்கில்லை.

எந்த வழியானாலும் நம் பொறுப்பு

மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகே விலை பேசுங்கள். தந்தையார் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயாருக்கும் மகள்களுக்கும் பங்குண்டு. அவர்கள் கையெழுத்தும் வேண்டும். கடை ஓவர்டிராஃப்டுக்கு வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குள் நீர் வருவது போன்ற, எளிதில் கண்ணுக்குப் படாத குறைகளையும் மறைக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் விற்பனை உடன்படிக்கையையும் பதிவு செய்ய வேண்டும் என்று 2012இல் சட்டத் திருத்தம் வந்தது. வெறும் முத்திரைத்தாளில் எழுதி அட்வான்ஸ் வாங்குவது பின்னால் தகராறுக்கே வழி. அட்வான்ஸாகவோ பாக்கியாகவோ ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரக்கூடும். 2023 ஏப்ரல் முதல் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ரூ.30 இலட்சத்துக்கு இது ரூ.2,70,000. வாங்குபவர் இதையும் கணக்கில் கொண்டுதான் விலை கேட்பார் என்பதை நினைவில் வையுங்கள். இதைக் குறைக்கப் பத்திரத்தில் மதிப்பைத் தாழ்த்தி எழுதச் சொன்னால் இணங்காதீர்கள்.

ஆள் தேடுவதும் பேரம் பேசுவதும் மட்டுமே தரகர் வேலை. பத்திரத்தில் கையெழுத்திடுபவர் நாம். ஆகவே தரகர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடன்படிக்கையைத் தக்க வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிய பிறகு கையெழுத்திடுவதே வணிகப் பெருமக்களுக்கு நலம் பயக்கும்.