வாரட்டா மில்ஸ் இலகுத் தொடருந்து நிறுத்தம்

வாரட்டா மில்ஸ் இலகுத் தொடருந்து நிறுத்தம் என்பது ஆஸ்திரேலியாவின் சிட்னி மாநகரில், டல்விச் ஹில் புறநகர்க் குடியிருப்புப் பகுதியில் அமைந்துள்ள ஒரு சிறிய நிறுத்தம் ஆகும். சென்ட்ரல் நிலையத்திலிருந்து டல்விச் ஹில் வரை செல்லும் எல்1 வழித்தடத்தில், லூயிஷம் வெஸ்ட், ஆர்லிங்டன் ஆகிய நிறுத்தங்களுக்கு இடையில் இது உள்ளது. 12.8 கி.மீ. நீளமுள்ள இத்தடத்தில் மொத்தம் 23 நிறுத்தங்கள் உள்ளன.

பெயர்க் காரணம்

முன்பு அருகில் இயங்கிய வாரட்டா மாவு ஆலையின் பெயரே இந்நிறுத்தத்திற்குச் சூட்டப்பட்டது. வாரட்டா என்பது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மலர்ச் சின்னமாக விளங்கும் செந்நிறப் பூ. பழைய ஆலைக் கட்டடம் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றப்பட்டுள்ளது.

வரலாறு

இந்நிறுத்தம் அமைந்துள்ள இருப்புப்பாதை பயணிகளுக்காகப் போடப்பட்டதன்று. 1916ஆம் ஆண்டு சரக்குத் தொடருந்துகளுக்காக ரோசல் வரை திறக்கப்பட்ட இப்பாதை, பின்னர் டார்லிங் துறைமுகம் வரை நீண்டது. பாதையோரத்து மாவு ஆலைகளும் இதனால் பயனடைந்தன. சமர் ஹில் பகுதியிலிருந்த மங்கோ ஸ்காட் மாவு ஆலை 2009இல் இடம் மாறியபின், இப்பகுதியில் பாதை பயன்பாடின்றிப் போனது.

சிட்னியின் பழைய டிராம் சேவை 1961இல் முற்றிலுமாக நிறுத்தப்பட்டிருந்தது. 1997இல் இலகுத் தொடருந்தாக அது மீண்டும் தொடங்கியபோது, கைவிடப்பட்ட இதே சரக்குப் பாதையின் துறைமுகப் பகுதியே முதலில் பயன்பட்டது. 2000இல் லில்லிஃபீல்டு வரை நீட்டிக்கப்பட்டது. பின்னர் 5.6 கி.மீ. நீளத்தில் 9 புதிய நிறுத்தங்களுடன் டல்விச் ஹில் வரையிலான பகுதி 2014 மார்ச் 27 அன்று திறக்கப்பட்டது. வாரட்டா மில்ஸ் அவற்றுள் ஒன்று. பாதைக்கான நிலமும் பாலங்களும் ஏற்கெனவே இருந்ததால், வீடுகள் நெருங்கிய பகுதியில் புதிதாக வழி ஏற்படுத்த வேண்டிய தேவை பெரிதும் குறைந்தது.

அமைப்பு

பெரிய நிலையங்களைப் போல் இங்கு கட்டடமோ பயணச்சீட்டு அலுவலகமோ இல்லை. தாழ்தளப் பெட்டிகளுக்கு ஏற்ற உயரத்தில் நடைமேடைகள் உள்ளதால், சக்கர நாற்காலியில் வருவோரும் குழந்தை வண்டியுடன் வருவோரும் படியேறாமல் உள்ளே செல்லலாம். ஓபல் அட்டையை நடைமேடையிலுள்ள கருவியில் காட்டிக் கட்டணம் செலுத்தலாம்.

சேவைத் தடை

2021 நவம்பரில், இத்தடத்தில் ஓடிய அர்பாஸ் 3 வகைத் தொடருந்துகளின் உடற்பகுதியில் விரிசல்கள் கண்டறியப்பட்டன. பயணிகளின் பாதுகாப்பு கருதி முழுத் தடமும் மூடப்பட்டது. சேவை திரும்ப 18 மாதங்கள் வரை ஆகலாம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அதுவரை மாற்றுப் பேருந்துகள் ஓடின. நகரின் மற்ற இலகுத் தொடருந்துத் தடங்களிலிருந்து சிட்டாடிஸ் வகை வண்டிகள் கொண்டுவரப்பட்டதால், 2022 பெப்ரவரியிலேயே சேவை மீண்டும் தொடங்கியது. ஒரே வகை வண்டிகளை மட்டும் நம்பியிருக்கும் தடத்தில், ஒரு குறைபாடு எல்லா நிறுத்தங்களையும் ஒரே நாளில் முடக்கிவிடும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

சுற்றுச்சூழல்

பாதையை ஒட்டிய பசுமைப் பகுதி, குக்ஸ் ஆற்றையும் அயர்ன் கோவ் விரிகுடாவையும் இணைக்கும் கிரீன்வே எனும் நடைபாதை, மிதிவண்டிப் பாதைத் திட்டத்தின் ஒரு பகுதியாகும். சிட்னியின் உள்மேற்குப் பகுதியில் அருகிவரும் நீள்மூக்குப் பாண்டிகூட் எனும் சிறிய பைம்மாவுக்கும் இத்தகைய புதர் நிறைந்த இடங்கள் புகலிடமாகின்றன.