கை எத்தனை, பிடி எவ்வளவு?

பி செல்களில் தோன்றும் கடும் ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்தால், கட்டுப்படுத்துவது மிகக் கடினம். அந்த நிலையில் உள்ளவர்களுக்காக 2014 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து பிளினாட்டுமோமாப். வயதுவந்தவருக்கு முதல் வாரம் நாளொன்றுக்கு 9 மைக்ரோகிராம், அடுத்த மூன்று வாரங்கள் 28 மைக்ரோகிராம். நான்கு வார மருந்தையும் கூட்டினால் ஒரு மில்லிகிராம்கூட வராது. இத்தனை சிறிய அளவு போதுமானதாக இருப்பதற்குக் காரணம், புற்றுசெல்லை இந்த மருந்து நேரடியாகக் கொல்வதில்லை என்பதே. கொல்வது நோயாளியின் சொந்த நோய் எதிர்ப்புச் செல்லான டி செல். இரண்டையும் அருகருகே இழுத்து நிறுத்துவதுதான் மருந்தின் வேலை.

நம் உடல் உருவாக்கும் ஆன்டிபாடி ஆங்கில ஒய் எழுத்து வடிவப் புரதம். அதன் இரு கைகளும் ஒரே இலக்கையே பிடிக்கும். ஒரு கை புற்றுசெல்லையும் மறு கை டி செல்லையும் பிடிக்கும்படி மாற்றியமைத்தால் அது இருமுனை ஆன்டிபாடி. பிளினாட்டுமோமாப் ஒரு பக்கம் பி செல்லின் மேலுள்ள சிடி19 என்ற புரதத்தையும், மறுபக்கம் டி செல்லின் சிடி3 புரதத்தையும் பற்றுகிறது. டி செல் வழக்கமாகத் தேடும் அடையாளத்தை மறைத்துப் புற்றுசெல்கள் தப்புவதுண்டு. இந்தப் பிடிக்கு அந்த அடையாளமே தேவையில்லை. இரண்டும் ஒட்டியதும் டி செல், புற்றுசெல்லின் சவ்வைத் துளைத்து, உள்ளே நொதிகளைச் செலுத்தி அதை அழிக்கிறது. பிறகு அதே டி செல் அடுத்த புற்றுசெல்லைத் தேடிப் போகிறது.

சொல்ல எளிது, செய்வது அப்படியல்ல. ஆன்டிபாடி என்பது இரண்டு கனச்சங்கிலிகளும் இரண்டு மென்சங்கிலிகளும் சேர்ந்தது. இரு வேறு ஆன்டிபாடிகளின் நான்கு வகைச் சங்கிலிகளை ஒரே செல்லுக்குள் உருவாக்கினால் அவை இஷ்டப்படி இணைந்து பத்து விதமான மூலக்கூறுகள் வரும். நமக்கு வேண்டியது அதில் ஒன்றே ஒன்று. 1996இல் ஜெனென்டெக் நிறுவனத்தில் பால் கார்ட்டரின் குழு இதற்கு ஒரு வழி கண்டது. ஒரு கனச்சங்கிலியின் 366ஆம் இடத்திலிருந்த சிறிய அமினோ அமிலத்தை எடுத்துவிட்டுப் பருத்த ஒன்றை வைத்தார்கள். அங்கே ஒரு குமிழ் எழுந்தது. இன்னொரு சங்கிலியின் 407ஆம் இடத்தில் பருத்ததை எடுத்துச் சிறியதை வைத்தார்கள். அங்கே ஒரு குழி உண்டானது. குமிழும் குமிழும் முட்டிக்கொள்ளும். குமிழும் குழியும் கச்சிதமாகப் பொருந்தும். மென்சங்கிலிகளின் குழப்பத்தைத் தவிர்க்க, இரு கைகளுக்கும் பொதுவான ஒரே மென்சங்கிலியைத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி.

அடுத்து வருவது பிடியின் கணக்கு. இந்த வகை மருந்துகளில் சிடி3யைப் பிடிக்க பெரும்பாலும் ஒரு கை மட்டுமே வைக்கிறார்கள். இரண்டு வைத்தால், புற்றுசெல் அருகில் இல்லாதபோதும் டி செல் தூண்டப்பட்டுவிடும். ஒரு கை எனில், எதிரே புற்றுசெல் இருந்து பல மூலக்கூறுகள் ஓரிடத்தில் குவிந்தால்தான் டி செல் விழித்தெழும். அந்தக் கையின் பிடியையும் பல வடிவங்களில் வேண்டுமென்றே தளர்த்துகிறார்கள். அளவுக்கு மீறித் தூண்டப்பட்ட டி செல்கள் சைட்டோகைன் எனும் வேதித்தூதுகளைக் கொட்டித் தீர்க்கும். காய்ச்சல் ஏறும், ரத்த அழுத்தம் சரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் வாரம் 9 மைக்ரோகிராமில் தொடங்குவது இந்த ஆபத்தைக் குறைக்கத்தான்.

ஒய் வடிவ ஆன்டிபாடியின் அடித்தண்டான வால்பகுதிக்கும் தனிக் கணக்கு உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகரில் மைக்ரோமெட் நிறுவனம் வளர்த்தெடுத்த பிளினாட்டுமோமாபில் வால் கிடையாது. பற்றும் முனைகள் இரண்டு மட்டுமே. அதனால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. நோயாளி சிறு பம்ப்பையும் மருந்துப் பையையும் இரவும் பகலும் நான்கு வாரம் உடன் வைத்திருக்க வேண்டும். 2022இல் மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற டெக்ளிஸ்டமாபுக்கு வால் உண்டு. தொடக்கக் கட்ட டோஸ்களுக்குப் பின், வாரம் ஒரு முறை தோலுக்கடியில் போடும் ஊசியே போதும். மற்ற நோய் எதிர்ப்புச் செல்களைக் கூப்பிடும் வாலின் இயல்பை மட்டும் அடக்கி வைத்திருக்கிறார்கள்.

நுரையீரல், குடல் போன்ற உறுப்புகளின் கட்டிகளில் சிக்கல் கூடுகிறது. சிடி19 நல்ல பி செல்களிலும் இருக்கிறது. அவை அழிந்தாலும் தக்க சிகிச்சையோடு மனிதர் வாழ முடியும். நுரையீரல் செல்கள் அழிந்தால் அது நடக்காது. நல்ல செல்களின் மேற்பரப்பில் அரிதாகவே தென்படும் டிஎல்எல்3 என்ற புரதத்தைக் குறிவைத்த டார்லட்டமாப், 2024இல் சிறுசெல் நுரையீரல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அப்படித் தனித்த அடையாளம் கிடைக்காத இடங்களில் மூன்று முனை வடிவங்களை ஆராய்கிறார்கள். புற்றுசெல்லின் இரு அடையாளங்களுக்கு இரண்டு தளர்ந்த கைகள். இரண்டும் ஒரே செல்லில் இருந்தால்தான் பிடி நிற்கும். டி செல் சோர்ந்துவிடாமலிருக்க சிடி28 என்ற புரதத்தைத் தொடும் கையைச் சேர்ப்பது இன்னொரு முயற்சி. அந்தச் சிடி28ஐ மிகையாகத் தூண்டிய ஓர் ஆன்டிபாடியை 2006இல் லண்டனில் பெற்ற ஆரோக்கியமான ஆறு தன்னார்வலர்களும் ஒரே நாளுக்குள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தது. ஆறு பேரும் உயிர் தப்பினார்கள்.

ஆகவே, கைகளைக் கூட்டிக்கொண்டே போவதை முன்னேற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு கையும் நல்ல செல்லை விட்டுவிடவும் தெரிந்திருக்க வேண்டும். டி செல்லின் வலிமை நம் உடலில் ஏற்கெனவே இருக்கிறது; அதை எங்கே, எவ்வளவு அவிழ்த்துவிடுவது என்று அளந்து சொல்வதே இந்த வடிவமைப்பாளர்களின் பெரும் பணி.