மறதியா, சோம்பலா, நோயா?

விலை, வரி, வாடகை என்றே பேசிவரும் நாம் இம்முறை வேறொரு செய்தியைப் பார்ப்போம்.

சரக்கு வந்த பில்லைத் தொலைப்பது, கடன் கொடுத்ததை எழுத மறப்பது, 20ஆம் தேதிக்குள் போட வேண்டிய மாதாந்தர ஜி.எஸ்.டி. கணக்கைத் தவறவிட்டுத் தாமதக் கட்டணம் கட்டுவது, ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுவது: இப்படி ஒருவர் இல்லாத கடைவீதி இல்லை. அவரைப் "பொறுப்பில்லாதவன்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் நம் வீட்டுப் பிள்ளைகளோ, "அது சோம்பல் இல்லை, ஏ.டி.எச்.டி." என்கிறார்கள். சில வீடுகளில் தகப்பனுக்கும் மகனுக்கும் பேச்சே நின்றுபோகிறது. யார் சொல்வது சரி?

கவனக் குறைவு, அளவு மீறிய துறுதுறுப்பு ஆகியவற்றால் வரும் குறைபாட்டுக்கு மருத்துவர்கள் வைத்த பெயரே இது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் 1980இல் கவனக் குறைபாடு என்ற பெயர் ஏறியது. நெடுங்காலம் இதைப் பிள்ளைகளின் கோளாறு என்றே எண்ணினார்கள். 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு பெரியவர்களுக்கும் தெளிவான அளவு வகுத்தது. கவனக் குறைவுக்கு ஒன்பது அடையாளங்கள், துறுதுறுப்புக்கு ஒன்பது. 17 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு ஏதாவது ஒரு வரிசையில் ஐந்தாவது இருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, வேலை என இரண்டு இடங்களிலாவது தொல்லை தர வேண்டும். வேறு காரணம் இருக்கக் கூடாது.

நம் பாஷையில் சொன்னால், இன்றைய கல்லாவில் பணம் குறைந்ததை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது; பழைய பேரேட்டையும் புரட்ட வேண்டும். ஆனால் முப்பது வருஷத்துப் பேரேடு யாரிடம் இருக்கிறது? தாயின் நினைவும் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையும்தான் சாட்சி. மருத்துவர்களுக்குள் வாதம் எழுவதும் இங்கேதான். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972, 73இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 38 வயது வரை தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. பெரியவர்களான பின் இந்த அடையாளங்கள் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குச் சிறுவயதில் இக்குறைபாடு பதிவாகியிருக்கவில்லை. அப்படியானால் அது அதே நோய்தானா என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். வகுப்பில் அடங்கி உட்கார்ந்திருந்த பிள்ளைகள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், ஆசிரியர் கண்ணில் படாமலே வளர்ந்தார்கள் என்று மறு சாரார் பதில் சொல்கிறார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு.

தைராய்டு கோளாறு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு, ஓயாத கவலை, மது ஆகியவையும் கவனத்தைக் கெடுக்கும். விடியுமுன் மண்டியில் நின்று இரவு பத்து மணிக்குக் கடை மூடுபவருக்கு ஞாபகம் தவறினால், முதலில் கேட்க வேண்டியது தூக்கக் கணக்கைத்தான். செல்போனில் இரண்டு நிமிடப் படம் பார்த்து, "எனக்கும் இதுதான்" என்று பெயர் சூட்டிக்கொள்வது சரியல்ல. அதற்காக, உண்மையாகவே இக்குறைபாடு உள்ளவரைத் திட்டித் திருத்திவிடலாம் என்பதும் வீண். அவர் வேண்டுமென்றே மறப்பதில்லை. ஆயுள் முழுதும் ஏச்சு வாங்கியவர் கடனிலும் குடியிலும் விழுந்தால் நஷ்டம் குடும்பத்துக்குத்தான்.

மருந்து உண்டு; பலருக்குப் பலன் தருகிறது. ஆனால் இதற்குத் தரும் மெதில்ஃபெனிடேட், 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. மருத்துவர் சீட்டு இல்லாமல், தெரிந்தவர் கொடுத்தார் என்று விழுங்கக் கூடாது. பெங்களூரில் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது, 1974இல் தொடங்கிய நிம்ஹான்ஸ். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான். நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலிமானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை இது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பழைய மதிப்பெண் அட்டைகளையும், சிறுவயதை அறிந்த பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள். சோம்பேறி என்ற பட்டத்தையும் நோயாளி என்ற பட்டத்தையும் அளக்காமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

அதுவரை கடையில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கடன் கொடுத்த கையோடு நோட்டில் எழுதும் பழக்கம் வேண்டும். பில்களுக்கு ஒரே ஆணி, ஒரே இடம். ஜி.எஸ்.டி. தேதிக்கு மூன்று நாள் முன்பே கணக்குப்பிள்ளையை ஞாபகப்படுத்தச் சொல்லலாம். கணக்கில் தடுமாறும் பிள்ளை வாடிக்கையாளரிடம் கெட்டிக்காரனாக இருப்பான். அவனைக் கவுண்டரில் நிறுத்திக் கணக்கை மற்றவரிடம் கொடுக்கலாம். நோய் உண்டோ இல்லையோ, இந்த ஏற்பாட்டால் எந்தக் கடைக்கும் நஷ்டம் வராது.