கத்தூரா: ஒரு குட்டைக் காப்பியினம்

அராபிக்காக் காப்பிச் செடியைக் கவாத்துச் செய்யாது விட்டால், அது பதினைந்து அடிக்கு மேலும் ஓங்கி வளரும். அவ்வுயரத்தில் பழம் பறிப்பதும் மருந்து தெளிப்பதும் எளிதல்ல. ஆதலின், இயல்பாகவே குட்டையாக வளரும் இனங்கள் தோட்டக்காரருக்குப் பெரிதும் பயன்படுகின்றன. அவற்றுள் புகழ்பெற்றது ‘கத்தூரா’ ஆகும்.

பிரேசில் நாட்டின் மீனாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில், 1915-க்கும் 1918-க்கும் இடையில், பூர்போன் என்னும் இனத்தில் இயற்கையாக நேர்ந்த திடீர் மாற்றத்தால் இது தோன்றியது. குவாரானி மொழியில் இப்பெயர் ‘சிறியது’ எனப் பொருள்படும். 1937 முதல் காம்பினாஸ் நகர வேளாண்மை ஆய்வு நிலையம் இதனை ஆராய்ந்து தெரிவு செய்தது. எனினும், கொலம்பியாவிலும் மத்திய அமெரிக்காவிலுமே இது பெரும்பரப்பில் பயிராயிற்று.

இதன் குட்டைத்தன்மைக்குக் காரணம் ஒரே ஒரு மரபணுவாகும். அது கணுக்களுக்கு இடையிலுள்ள தூரத்தைச் சுருக்கிவிடுகிறது. காப்பி கணுதோறும் காய்ப்பதாகலின், குறுகிய கிளையிலும் காய்க்கொத்துகள் நெருங்கி அமைகின்றன. நெருக்கி நடவும் இயலும். ஆறடிச் சதுரத்தில் நட்டால் ஏக்கருக்கு 1,210 செடிகள் கொள்ளும். ஐந்தடிச் சதுரத்திலோ 1,742 செடிகள் கொள்ளும்.

மிகுதியாகக் காய்ப்பதே இதற்குக் கேடாகவும் முடியலாம். போதிய உரமும் அளவான நிழலும் இல்லையேல், காய்ச்சுமையால் இலைகள் உதிர்ந்து, கிளைகள் நுனியிலிருந்து காய்ந்துவிடும். சுவையைப் பொறுத்தவரை, உயர்ந்த மலைப்பகுதிகளில் விளையும் கொட்டை தெளிவான இன்புளிப்பும் நறுமணமும் உடையது. பானத்தின் திண்மை நடுத்தரமானது.

இலைத்துரு நோயைத் தாங்கும் ஆற்றல் கத்தூராவுக்கு இல்லை. அந்நோய் 1970-இல் பிரேசிலிலும் 1983-இல் கொலம்பியாவிலும் காணப்பட்டது. இக்குறையை நீக்கும் பொருட்டு, அராபிக்காவும் ரொபஸ்டாவும் இயற்கையில் கலந்து பிறந்த தைமூர்க் கலப்பினத்தோடு கத்தூராவை இணைத்தனர். அவ்வாறு கிடைத்த ‘கத்திமோர்’ வழியில் வந்ததே இந்தியாவின் ‘காவேரி’ இனம். தொடக்கத்தில் நோயை எதிர்த்து நின்ற இதனையும், பின்னர்த் தோன்றிய புதிய துருவகைகள் தாக்கலாயின. பாலெஹொன்னூரிலுள்ள மத்தியக் காப்பி ஆராய்ச்சி நிலையம் 2007-இல் வெளியிட்ட ‘சந்திரகிரி’யும் குட்டையினமே. ஆயினும், அது கத்தூராவிலிருந்து வந்ததன்று. கோஸ்தாரிக்காவின் ‘வில்லா சார்ச்சி’ என்னும் குட்டையினத்தையும் தைமூர்க் கலப்பினத்தையும் சேர்த்து உருவானது.

குட்டைத்தன்மை வேறு, நோய் தாங்கும் ஆற்றல் வேறு. இரண்டும் தனித்தனியே வழிவழி வருவன என்பது இவ்வரலாற்றால் புலப்படும். ஆகவே, செடி குட்டையாயிருப்பது கண்டு நோய் அணுகாது எனக் கருதலாகாது. களப்பணியாளர் இலைகளின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். அங்கே செம்மஞ்சள் நிறப் பொடி படிந்த புள்ளிகள் காணப்படின், அது துருநோயே. நோய்க்கு எளிதில் இலக்காகும் செடிகளுக்குப் பருவமழைக்கு முன்னரே 0.5 சதவீதப் போர்டோக் கலவையை இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிப்பது தக்க காப்பாகும்.