திரை காட்டும் வனமும் நாம் வாழும் மலையும்

விலங்கொன்றைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்டு, அது வனத்திற் படும் இடர்களையும் பெறும் வெற்றியையும் குடும்பத்தார் ஒருங்கிருந்து காணத்தக்க கதையாக அமைக்கும் திரைப்படங்கள் மேனாட்டிற் பல உள. அவற்றுள் நம் நாட்டு மண்ணிலேயே உருவானது, டிஸ்னிநேச்சர் நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மங்கி கிங்டம்’ என்னும் படமாகும். மார்க் லின்ஃபீல்ட், அலஸ்டெயர் ஃபோதர்கில் ஆகியோர் இயக்கிய இப்படம், பொலனறுவைப் பழநகரின் இடிபாடுகளிடையே வாழும் குரங்குக் கூட்டமொன்றின் கதையைக் கூறுகிறது. சிங்களத்தில் ரிலவா எனப்படும் இவ்வினம் இலங்கைக்கே உரியது.

கதையின் தலைவி மாயா என்னும் தாய்க்குரங்கு. உயர்நிலைக் குரங்குகள் அத்திமரத்தின் மேலிருந்து கனிந்த பழங்களை உண்ண, தாழ்ந்த நிலையிற் பிறந்த மாயா கீழே கிடைப்பதைக் கொண்டு பசியாறுகிறாள். இது வெறுங் கற்பனையன்று. 1968 முதல் பொலனறுவைக் குரங்குகளை ஆராய்ந்த வொல்ஃப்காங் டிட்டஸ் போன்ற அறிஞர் கண்ட உண்மை இதற்கு அடிப்படையாகும். பெண்குரங்கு பிறந்த கூட்டத்திலேயே தங்கித் தாயின் படிநிலையைத் தானும் பெறும். ஆண்குரங்கோ பருவமெய்தியதும் வேறு கூட்டத்தை நாடிச் செல்லும்.

எனினும் உண்மை வேறு, உண்மையைக் கோத்த முறை வேறு. வெவ்வேறு நாட்களிற் பதிவான காட்சிகளைத் தெரிந்தெடுத்து, விலங்குகளுக்குப் பெயர் சூட்டி, பின்னணிக் குரலால் இணைக்கும்போதே கதை பிறக்கிறது. பெயர் பெற்ற விலங்கு நமக்கு உறவாகிவிடுகிறது. அதன் பசி நம் பசியாகிறது. இத்தகைய படங்களின் ஆற்றல் இதுவே. அவற்றின் குறையும் ஈண்டே தொடங்குகிறது.

பகைக் கூட்டத்தால் இருப்பிடமிழந்த குரங்குகள் ஊருக்குள் நுழைந்து மக்களின் உணவைக் களவாடும் காட்சி படத்தில் நகைச்சுவையாக அமைந்துள்ளது. எம் வகுப்பில் இப்படத்தைக் காட்டியபோது மாணவர் அனைவரும் சிரித்தனர். லயத்திலிருந்து வரும் ஒரு மாணவி மட்டும், “ஐயா, அந்த வீட்டுக்காரர் அன்று என்ன சாப்பிட்டிருப்பார்?” என வினவினாள். அவள் வீட்டு மரக்கறிப் பாத்திகளைக் காட்டுப்பன்றிகள் கிளறிச் சென்று அப்போது ஒரு வாரமும் ஆகவில்லை.

அவ்வினாவின் கனத்தை நல்லதண்ணி மக்கள் நன்கறிவர். 2020 மே 26 ஆம் நாள் இப்பகுதியிற் சுருக்குக் கம்பியொன்றிற் கருஞ்சிறுத்தை ஒன்று அகப்பட்டது. மீட்கப்பட்டு உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்ட அது, சிகிச்சை பயனளிக்காமல் மே 29 ஆம் நாள் இறந்தது. கருஞ்சிறுத்தை தனி இனமன்று. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒடுங்குநிலை மரபணு வந்து சேர்ந்தாலன்றி அந்நிறம் தோன்றாது. ஆதலின் அது மிக அரிது. மலையகத்திற் காட்டுப்பன்றிக்கென வைக்கப்படும் இத்தகைய கம்பி, தன்னில் அகப்படுவது பன்றியோ சிறுத்தையோ என அறியாது.

இச்சிறுத்தைக்குப் பெயர் சூட்டிக் கதை சொல்லப் பின்னணிக் குரல் எதுவும் இருக்கவில்லை. சொல்லியிருப்பின், கம்பி வைத்தவனைக் கொடியவனாகக் காட்டி அது முடிந்திருக்கவுங்கூடும். கம்பி வைப்பது குற்றமே, அதில் ஐயமில்லை. ஆயினும் நாட்கூலியோடு சிறு பாத்தியையும் நம்பி வாழ்வோரின் பயிருக்குக் காவல் யாது என்பதற்கு விடை காணாதவரை, ஒரு கம்பியை அகற்றிய இடத்தில் மற்றொன்று முளைக்கும்.

ஆகவே ஆசிரியர்கள் இத்தகைய படங்களை மாணவர்க்குத் தயங்காது காட்டுக. விலங்கிடத்து அன்பு பிறப்பதற்கு அவை நல்வாயில்கள். படம் முடிந்தபின், திரைக்கு வெளியே நின்றவர் யாவர், அவர் இழந்தது யாது என்றும் வினவுக. விலங்கின் பசியையும் மனிதனின் பசியையும் ஒருசேர எண்ணிப் பார்க்கப் பழகிய பிள்ளையே, நாளை தன் தோட்டத்து எல்லையிற் கம்பியைக் காணும்போது, அதனை அகற்றச் செய்வதோடு அயலவரின் பாத்திக்கு வேலியிடவும் முன்வருவான்.