வக்கீல் கண்ட வங்கி

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாயிற்று. வெள்ளைக்காரர் கம்பெனி என்ற ஒரே நம்பிக்கையில் வாழ்நாட் சேமிப்பைப் போட்டிருந்த பென்ஷன்காரரும் விதவைகளும் ஒரே நாளில் கைப்பொருள் இழந்தனர்.

அவர்களுக்காக வழக்காட முன்வந்தவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். 1863-ல் தஞ்சை ஜில்லாத் திருவிடைமருதூரில் பிறந்து, சென்னை ஹைகோர்ட்டில் முன்னணி வக்கீலாய் விளங்கியவர், காங்கிரஸில் மிதவாதி.

திவால் வழக்கு என்பது யாது? அர்பத்நாட் பாங்கு வேலை பார்த்ததாயினும், அமைப்பில் அது சிலர் கூடி நடத்திய கூட்டு வியாபாரமே. பணம் போட்டவருக்குக் கணக்குக் காட்டும் வழக்கம் அதற்கில்லை. அது முறிந்தபின், போட்டவர் சட்டத்தின் கண்ணுக்கு ஈடின்றிக் கடன் கொடுத்தவரே ஆவார். ஈடு பெற்றவர்கள் எடுத்துக்கொண்டது போக, எஞ்சியதை ஏனையோர் விகிதப்படி பகிர்ந்துகொள்ள வேண்டும். வக்கீல் எத்துணைத் திறமையாக வாதித்தாலும் இல்லாத பணத்தை வருவித்தல் இயலாது. கம்பெனித் தலைவர் ஸர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார்; அதனால் போட்டவர் பணம் திரும்பிவிடவில்லை.

இதனைக் கண்ட ஐயர் வழக்கோடு நிற்கவில்லை. நம்மவர் பங்கெடுத்து நம்மவரே நிர்வகிக்கும் பாங்கு வேண்டுமென ஊரைக் கூட்டினார். நகரத்தார் பெருவணிகர் இராமசாமி செட்டியார் முதலியோர் துணைநின்றனர். இந்தியன் பாங்கு 1907 ஆகஸ்டு 15-ல் தொழில் தொடங்கியது. ஆண்டுதோறும் கணக்கைப் பங்குதாரர் முன் வைத்தல் அதற்குச் சட்டக் கடமை. நம் சங்கங்களுக்கும் அதற்கும் வேற்றுமை உண்டு: அங்கே பங்குக்கேற்ற வாக்கு, இங்கே ஆளுக்கொரு வாக்கு. ஆயினும் ஐந்தொகையைக் கேட்டுப் பார்க்கும் உரிமை இரண்டிலும் உள்ளது. தணிக்கைக்குச் செல்லும் ஊர்களில் அதனைக் கேட்டு வாங்கும் அங்கத்தினரை நான் அரிதாகவே காண்கிறேன். தறிக்கு நூல் வந்ததா என்று கேட்பவரே மிகுதி.

தீவிரவாதிகள் ஐயரைக் கடிந்ததுண்டு. ஆனால் அவர்களுள் ஒருவரான பாரதியாரின் தேசப் பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு வழங்கியவரும் அவரே. 1909-ல் ஹைகோர்ட் நீதிபதியானார். 1911-ல் கவர்னரின் நிர்வாக சபையில் அங்கத்தினராக நியமனம் பெற்று, அவ்வாண்டு டிசம்பரிலேயே 48-ஆம் வயதில் காலமானார். அவர் தோற்றுவித்த பாங்கு 1969-ல் தேசியமயமாக்கப்பட்டு இன்றும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடைபெறுகிறது.